புஷ்ஷுக்குள் இறுகிய போல்ட்

மழைக்காலம் முடிந்த கையோடு பெங்களூரின் மெக்கானிக் ஷெட்டுகளில் ஒரே மாதிரியான வேலை வந்து குவியும். சக்லேஷ்பூர் மலைச் சேற்றிலும் கனகபுரா பக்கத்துச் செம்மண் தடங்களிலும் உழன்று திரும்பிய ஜிப்ஸிகள், பழைய ஜீப்புகள், மஹிந்திரா தார்கள் வரிசையில் நிற்கும். எப்போதாவது மினி லாரியின் முதுகில் ஏறி, எந்த நிலத்திலும் ஓடும் ஏடிவி ஒன்றும் வரும். புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: பள்ளத்தில் இறங்கினால் 'டக் டக்' என்று சத்தம். புஷ் போய்விட்டது, மாற்ற வேண்டும். நடுவில் போகிற போல்ட் ஒழுங்காக வெளியே வந்தால் அரைமணி நேர வேலை. வராவிட்டால் அரைநாள் போகும். சில சமயம் நாள் முழுவதும் போய், கூடவே ஒரு சஸ்பென்ஷன் ஆர்மும் போகும்.

இந்த போல்ட்டை எப்படி எடுப்பது என்று யோசிக்க மல்லேஸ்வரம் பொருத்தமான இடம். வடக்கே, இன்னும் பலர் டாடா இன்ஸ்டிடியூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகம், 1909இல் தொடங்கியது. சற்றுத் தள்ளி மத்திகெரேயில் எம்.எஸ். ராமையா பொறியியல் கல்லூரி. அதற்கும் அப்பால் பீன்யா தொழிற்பேட்டை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீராமபுரம். அங்கே தமிழ் பேசும் மெக்கானிக்குகள் நிறைய. உலோகம் படித்தவர்களும் உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இந்தச் சின்ன போல்ட் விஷயத்தில் பாடப்புத்தகமும் பட்டறையும் ஒன்றையொன்று விசாரிப்பது குறைவு. எண்ணெய் விட்டு ஊறவை என்பார் ஒருவர். சூடு காட்டு என்பார் இன்னொருவர். பைப் போட்டு இழு, வெட்டி எறி என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாமே ஏதோ ஒரு போல்ட்டுக்குச் சரியான பதில்தான். எந்த போல்ட்டுக்கு எது என்பதில்தான் குழப்பம்.

ஏடிவி இந்தியாவில் அரிதான வண்டி. பெரும்பாலான மாதிரிகளைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. ரிசார்ட்டுகளிலும் சாகசப் பூங்காக்களிலும் தோட்டங்களிலும்தான் பார்க்கலாம். போலாரிஸ் நிறுவனம் 2011இல் இங்கே வந்து, பல ஆண்டுகள் கழித்தே ஒரு மாதிரியை டிராக்டர் வகையில் சாலைக்குக் கொண்டுவந்தது. அதனால் நம் பட்டறைகள் ஏடிவியின் போல்ட்டைக் கையாளும் விதம், ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் கற்றுக்கொண்டதுதான். அதில் தவறில்லை, இணைப்பின் அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றே.

அந்த அடிப்படை பலருக்குத் தெளிவாக இல்லை. சஸ்பென்ஷன் போல்ட்டை ஓர் அச்சாக, அதன் மேல் ஆர்ம் சுழல்வதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சட்டத்தில் இரண்டு இரும்புக் காதுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே புஷ் உட்கார்ந்திருக்கிறது. புஷ்ஷின் மையத்தில் ஓர் இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ். அதைச் சுற்றி ரப்பர். ரப்பருக்கு வெளியே ஆர்ம். நட்டை முறுக்கும்போது இரண்டு காதுகளும் ஸ்லீவை இருபுறமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு போல்ட்டும் அசையக் கூடாது, ஸ்லீவும் அசையக் கூடாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் மட்டும் முறுகிக் கொடுக்கும். பல ஏடிவிகளில் ரப்பருக்குப் பதில் கெட்டி பிளாஸ்டிக்கோ வெண்கலமோ இருக்கும்; அங்கே ஆர்ம் ஸ்லீவின் மேல் சுழலும். அப்போதும் போல்ட் சும்மாதான் இருக்கிறது.

ஆக, போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே தலைமயிர் அளவு இடைவெளி, நீளவாக்கில் பல சென்டிமீட்டர், வருடக்கணக்கில் அசைவே இல்லாமல் கிடக்கிறது. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் நுழைகிறது. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது அழுத்தத்தோடு நுழைகிறது. வெளியேற வழியில்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகும். வெட்டவெளியில் அந்தத் துரு பொருக்காக உதிர்ந்துவிடும். ஸ்லீவுக்குள் உதிர இடமில்லாததால் இடைவெளியை நிரப்பி, பிறகு இரு பக்கமும் நெருக்கத் தொடங்குகிறது. யாரும் முறுக்காமலேயே போல்ட் இறுகிப்போவது இப்படித்தான்.

துரு எங்கே எவ்வளவு வேகம் என்பதை நாட்டில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருவது காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்தவர்கள் அவர்கள்தான். கடலோரத்தின் உப்புக் காற்று இரும்பை அரிக்கும் வேகத்தை, மண்டபம் கடற்கரையில் தகடுகளை வெளியில் வைத்தே அளந்திருக்கிறார்கள். பெங்களூர் கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கேயே வாழ்ந்த வண்டி பிழைத்துக்கொள்ளும். ஆனால் பழைய ஜிப்ஸியோ ஜீப்போ வாங்குகிறவர்கள் மங்களூரிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொண்டுவருகிறார்கள். பெயின்ட் புதிதாக இருக்கும், புஷ்ஷுக்குள் பத்து வருடக் கடற்காற்று இருக்கும். வாங்குவதற்கு முன் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிற அக்கறையில் கால்வாசியாவது சட்டத்தின் அடியில் குனிந்து போல்ட் தலைகளைப் பார்ப்பதில் காட்ட வேண்டும்.

ஸ்ரீராமபுரம் பக்கத்து ஷெட் ஒன்றில் ஒரு ஜிப்ஸியின் முன்பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜிப்ஸிக்கு நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங்தான். அதன் அசையாத முனையில் போகும் போல்ட் ஸ்லீவில் பிடித்துக்கொள்வதற்குப் பேர்போனது. நட் ஏற்கெனவே கழன்று தரையில் கிடந்தது. பையன் போல்ட் தலையில் ரிங் ஸ்பேனரைப் போட்டு இழுத்தான்.

"சுத்துதுண்ணா, வந்துரும்."

"கைய எடு பாக்கலாம்."

எடுத்தான். ஸ்பேனர் தானாகவே கொஞ்சம் திரும்பி வந்தது.

"சுத்துனது போல்ட் இல்லடா, ரப்பரு. இன்னும் நாலு தடவை இழுத்தா தலை மட்டும்தான் உன் கைல வரும்."

பெரியவர் சாக்பீஸ் எடுத்து போல்ட் தலையிலிருந்து சட்டத்தின் காது வரைக்கும் ஒரு கோடு போட்டார். பிறகு மறுபக்கம் டார்ச் அடித்து, ஸ்லீவின் விளிம்பும் போல்ட்டின் முனையும் தெரியும் இடத்தில் இன்னொரு கோடு. பையன் மெதுவாக இழுக்க, இரண்டாவது கோடு உடையவே இல்லை. போல்ட்டும் ஸ்லீவும் ஒரே துண்டாகத் திரும்பின. அதைப் பார்த்ததும் பெரியவர் எண்ணெய் டப்பாவைத் தொடவில்லை, கிரைண்டரை எடுத்துவரச் சொன்னார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் பார்த்த வரையில் இந்த வேலையில் மிக மதிப்புள்ள கருவி அந்தச் சாக்பீஸ்தான்.

ஏனென்றால் இறுகுவதில் வகை உண்டு. நட் அசையவே மறுத்தால் துரு மரையில் இருக்கிறது. நட் கழன்றும் போல்ட் வெளியே வராமல், ரப்பரோடு சேர்ந்து முறுகினால் துரு ஸ்லீவில் இருக்கிறது. போல்ட் தாராளமாகச் சுற்றிக்கொண்டே இருந்து ஒரு மரைகூட வெளியே வராவிட்டால், சட்டத்துக்குள் வெல்டிங் வைத்த நட் பிய்ந்து சேர்ந்து சுற்றுகிறது. மூன்றும் வெளியிலிருந்து 'போல்ட் வரல' என்ற ஒரே தோற்றம்தான். மருந்து மூன்றுக்கும் வேறு.

எண்ணெய் மரைக்குரிய மருந்து. ஊருக்கெல்லாம் தெரிந்த டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தது. ஏவுகணைத் தகடுகளில் ஈரம் தங்காமல் தடுப்பதற்காகச் செய்தார்கள். நாற்பதாவது முயற்சியில் கைகூடியது. இறுகிய மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே தயாராகும் எண்ணெய்கள் தனியாக உண்டு, அவை இதைவிட நன்றாக வேலை செய்யும். ஷெட்டுகளில் மண்ணெண்ணெயும் டீசலும்கூட ஓடுகின்றன. எதுவானாலும் முதலில் கம்பி பிரஷ் போட்டு வெளி மரையைத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெயைத் துருப் பொருக்கே குடித்துவிடும். இரவு முழுக்க விட்டு, நடுநடுவே போல்ட் தலையைச் சுத்தியலால் தட்டிக்கொடுத்தால் நட் பெரும்பாலும் இளகும். ஸ்லீவுக்குள் இறுகிய போல்ட்டுக்கு இதே பொறுமையைக் காட்டுவது வீண். எண்ணெய் நுழைய வேண்டிய வாயிரண்டையும் காதுகள் நெருக்கி மூடியிருக்கின்றன. உள்ளே துரு இறுகி அடைத்திருக்கிறது. மூன்று நாள் ஊறவைத்தும் எண்ணெய் இரு முனையிலும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அதற்குள் நல்ல நிலையில் இருந்த ரப்பர்தான் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிப்போகும்.

அடுத்தது பலம். இங்கே ஒரு கணக்கு பார்த்துவிடலாம். 12 மி.மீ. போல்ட், 8.8 தரம். சாதாரணமாக முறுக்குவது 80 நியூட்டன் மீட்டர் அளவுக்கு. ஓரடி ஸ்பேனரில் முப்பது கிலோ எடைக்குச் சமமாக இழுத்தாலே இது கிடைத்துவிடும். அதே ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி, அறுபது கிலோ ஆள் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 590. ஏழு மடங்குக்கு மேல். நட் துருவில் பிடித்திருக்கும்போது இவ்வளவு முறுக்கும் போல்ட்டின் உடம்பில்தான் இறங்கும். ஒடிவதற்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. காற்றில் ஓடும் கன் இதைவிட நல்லது, ஏனெனில் அது இழுப்பதில்லை, அடிக்கிறது. நொடிக்குப் பல அடிகள், ஒவ்வொன்றும் துருவைக் கொஞ்சம் நொறுக்கும். கையால் செய்தாலும் அதே தத்துவம்: முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு தள்ளல், பிறகு கழற்றும் பக்கம், மறுபடி முன்னே, மறுபடி பின்னே. ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் மட்டுமே போட வேண்டும். பன்னிரண்டு முனை ஸ்பேனர் துருவேறிய தலையின் மூலைகளை மழுக்கிவிடும், அதன்பின் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் பட்டை ஷாக்கிள்களில் சில இடது மரை கொண்டவை; இடப்பக்கச் சக்கர நட்டுகளும் அப்படித்தான். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பைப் போட்டு இறுக்கியே ஒடித்த ஷாக்கிள்கள் இந்த ஊரில் ஏராளம். அடையாளக் குறி தேடிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

சூடு பற்றித்தான் மிகுதியான நம்பிக்கையும் மிகுதியான பிழையும் உண்டு. எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 12 மி.மீ. துளையுள்ள நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் துளை 0.03 மி.மீ. அளவுக்குத்தான் பெரிதாகும். மிகச் சிறிய எண்தான். ஆனாலும் துரு நொறுங்கும் தன்மையது, நீட்சி கிடையாது, அந்த 0.03 அதை உடைக்கப் போதும். சூடு நட்டுக்கு மட்டும் காட்ட வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. இரண்டும் சேர்ந்து சூடானால் இரண்டும் சேர்ந்து விரியும், பயன் பூஜ்யம். சூடான மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பது பட்டறைகளில் இருக்கும் பழைய வித்தை: உருகிய மெழுகு இடுக்குக்குள் இறங்குகிறது. நைலான் வளையம் வைத்த லாக் நட்டாக இருந்தால் அந்த நைலான் கருகிவிடும், நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

கேஸ் வெல்டிங் நெருப்பில் சிவக்கச் சிவக்கக் காட்டும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதுவும் சஸ்பென்ஷனில். 8.8, 10.9 தர போல்ட்டுகளுக்கு வலிமையே சூட்டுப் பதத்திலிருந்து வருகிறது. அந்தப் பதம் வைக்கும் வெப்பம் 425 டிகிரியிலிருந்து தொடங்குகிறது. சிவந்த போல்ட் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. தலையில் 10.9 என்ற எண் அப்படியே இருக்கும், உள்ளே அந்த வலிமை இருக்காது. அதைத் துடைத்து மறுபடி மாட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நைட்ரஜன் அடைத்த ஷாக் அப்சார்பர் இருந்தால் நெருப்பு அதை வெடிக்கச் செய்யலாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்புக் காட்டுவது இன்னும் மோசம்: குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். காற்றோட்டமில்லாத, ஷட்டர் பாதி இறக்கிய கடைகளில் வேலை செய்யும் பையன்களின் உயிர் விஷயம் இது. நெருப்பில்லாமல் கம்பிச் சுருள் வழியாக மின்சாரத்தில் சூடேற்றும் இன்டக்‌ஷன் ஹீட்டர் இப்போது கிடைக்கிறது. நட்டை மட்டும் சில நொடிகளில் சுடவைக்கும், சுற்றியிருப்பது தப்பிக்கும். நாலு கடை சேர்ந்தாவது ஒன்று வாங்கிவைக்கலாம்.

சாக்பீஸ் கோடு 'ஸ்லீவில்தான் பிடித்திருக்கிறது' என்று சொல்லிவிட்டால், ஒருமுறை நேராக அடித்துப் பார்க்கலாம்: நட்டை முனையோடு சமமாக வைத்து, மரை நசுங்காமல், பித்தளைப் பஞ்ச் வைத்து அடி. நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் வெட்டுவதே முறை. அதைத் தோல்வியாக நினைக்கிற மனநிலைதான் பெரிய செலவு வைக்கிறது. போல்ட்டையும் புஷ்ஷையும் எப்படியும் மாற்றப் போகிறோம். காப்பாற்ற வேண்டியவை சட்டத்தின் காதுகளும் ஆர்மும் மட்டுமே. ஜாக் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஸ்பிரிங்கின் பாரத்தை இறக்கி, பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் ஒதுக்கிக் கட்டிவிட்டு, காதுக்கும் புஷ்ஷுக்கும் இடையே தெரியும் கோட்டில் கிரைண்டரின் ஒரு மி.மீ. வெட்டுத் தட்டையோ, நீண்ட பிளேடு போட்ட மின் ரம்பத்தையோ இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் வெட்டியதும் ஆர்ம் தானாக விழும். புஷ்ஷுக்குள் மிஞ்சிய துண்டை மேஜையில் வைத்து பிரஸ்ஸில் தள்ளிக்கொள்ளலாம். தட்டு காதின் உள்முகத்தைக் கீறாமல் பார்ப்பதுதான் கைத்திறன். அந்த முகம்தான் புது ஸ்லீவை நெருக்கிப் பிடிக்கப் போகிறது.

சட்டத்தில் வெல்டிங் வைத்த நட்டுக்குள் போல்ட் ஒடிந்துபோனால் கதை வேறு. நடு மையத்தில் பஞ்ச் வைத்து, இடது சுற்று டிரில் பிட்டால் குடைந்தால், சில சமயம் குடையும்போதே துண்டு வெளியே திரும்பி வந்துவிடும். ஒடிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டை அவசரத்தில் முறுக்கக் கூடாது. அது கடினமான, எளிதில் நொறுங்கும் எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் எதுவும் அதைத் தொடாது. பீன்யாவில் அச்சு செய்யும் கடைகளில் இருக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின்தான் கதி. சட்டத்தை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதையும் யோசிக்க வேண்டும்.

மறுபடி மாட்டுவதில் மூன்று சர்ச்சைகள் உண்டு. துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமே என்பது ஒன்று. கூடாது. கடையில் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலில் வளையத் தொடங்கும், 8.8 தரத்துக்கு அது 640. போதாததற்கு ஸ்டெயின்லெஸ் மரை ஸ்டெயின்லெஸ் நட்டோடு உரசிப் பற்றிக்கொள்ளும் குணமும் உண்டு. வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் அதே தர போல்ட்டைத் தேடி வாங்குவதே சரி. இரண்டாவது, கிரீஸும் தாமிரப் பசையும். நட்டை முறுக்கும் பலத்தில் ஏறத்தாழ பாதி தலைக்கடியிலும் நாற்பது சதவீதம் மரையிலும் உராய்வில் போய்விடுகிறது, பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் பசை பூசி உராய்வைக் குறைத்துவிட்டு, புத்தகத்தில் போட்ட அதே அளவுக்கு முறுக்கினால் போல்ட் தாங்க வேண்டியதைவிட மிக அதிகமாக இழுபடும். ஆகவே பசை ஸ்லீவுக்குள் போகும் வழவழப்பான உடம்பில் மட்டும், மெல்லிய பூச்சாக. மரையில் எதுவும் வேண்டாம், கம்பெனி சொன்னாலொழிய. மூன்றாவது, அடுத்த தடவை எளிதாகக் கழலட்டும் என்று கொஞ்சம் தளர்வாக விடுவது. பக்கவாட்டு அதிர்வு நட்டைத் தானாகக் கழற்றிவிடும் என்று ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இலேயே சோதனை செய்து காட்டினார். சஸ்பென்ஷனில் அந்த அதிர்வுக்குப் பஞ்சமே இல்லை. டார்க் ரெஞ்ச் போட்டு முழு அளவு முறுக்க வேண்டும். அதுவும் சக்கரம் தொங்கும்போது அல்ல, வண்டி தரையில் தன் பாரத்தில் நிற்கும்போது. தொங்கும்போது முறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், புதுப் புஷ் சீக்கிரமே கிழியும்.

இவ்வளவும் நடப்பதற்கு முன்பே தீர்க்கக்கூடிய இடம் வரைபடப் பலகை. பல வண்டிகளில் போல்ட்டை உருவ இடமில்லை: தலை ஒரு பக்கம் சைலன்சரில் இடிக்கும், மறுபக்கம் சட்டத்தின் குறுக்குக் குழாய் மறிக்கும். தொழிற்சாலையில் இன்ஜின் ஏற்றுவதற்கு முன் செருகியதால் அன்றைக்குப் பிரச்சினை தெரிந்திருக்காது. இதற்கு மாற்றாக, பொறியியல் மாணவர்கள் தாங்களே ஏடிவி கட்டி ஓட்டும் பாஹா போட்டி இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் களத்துக்கு பெங்களூர், சென்னை, கோவைக் கல்லூரிகள் அணி அனுப்புகின்றன. நான்கு மணி நேர இறுதி ஓட்டத்தில் ஆர்ம் வளைந்தால் அங்கேயே மாற்றியாக வேண்டும் என்பதால், போல்ட் எந்தப் பக்கம் செருகி எந்தப் பக்கம் உருவப்படும், ஸ்பேனர் சுற்ற எவ்வளவு இடம் என்பதை அந்தப் பிள்ளைகள் முதலிலேயே யோசித்தாக வேண்டும். லாக் நட் போட்டிருக்கிறதா, மரை நட்டுக்கு வெளியே தெரிகிறதா என்றெல்லாம் பரிசோதகர்கள் பார்த்த பிறகே வண்டி களம் இறங்கும். அதோடு இன்னும் இரண்டு விஷயங்களை அவர்கள் வரைபடத்தில் சேர்க்கலாம். போல்ட்டின் உடம்பில் ஓர் ஓரமாக ஆழமில்லாத கிரீஸ் காடி. ஸ்லீவின் இரு முனையிலும் தண்ணீர் நுழையாத ரப்பர் வளையம். லேத்தில் சில நிமிட வேலை. போட்டி வண்டிகள் ஒரே பருவம்தான் ஓடும், அவற்றுக்கு இது தேவைப்படாமல் போகலாம். ஆனால் இதே மாணவர்கள்தான் நாளைக்கு வண்டிக் கம்பெனிகளின் சஸ்பென்ஷன் பிரிவில் போய் உட்காரப் போகிறார்கள்.